அரைப்பேர் போடும் மென்பொருள்

1

இலங்கையில் பெரகலைக்குக் கீழே நான் படித்த தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இருந்து ஓர் ஆசிரியர் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறார். ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். "ஐம்பது வயசுல கம்பியூட்டர் படிச்சு கனடாவுல இஞ்சினியரா ஆயிட்டீங்க மேடம். நம்ம புள்ளைங்களுக்கு ஊக்கமா ஒரு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்கிறார். எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில், போன வருட மலரில் லண்டனில் இருந்து யாரோ எழுதிய கட்டுரையையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். அதன் தலைப்பிலேயே சிறகு, சிகரம், வானம் மூன்றும் இருக்கின்றன. அந்த மனிதர் லண்டனில் என்ன வேலை செய்கிறார் என்பது மட்டும் கட்டுரையில் எங்கேயும் இல்லை.

சார், மன்னிக்கவேண்டும். எனக்குச் சிறகு வகையறா எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். மலரில் போட முடிந்தால் போடுங்கள், முடியாவிட்டால் விழாவன்று வடை சுற்றக் கொடுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். நான் இஞ்சினியர் இல்லை. என் நியமனத்தில் 'இளநிலை நிரலாளர்' என்று இருக்கிறது. நிரல் என்றால் கணினிக்கு வரிவரியாக எழுதிக் கொடுக்கும் கட்டளை. படியேறினால் முழங்கால் சத்தம் போடுகிற வயதில் நான் இளநிலை. என்னோடு இருக்கும் மற்ற இளநிலைகள் என் மகளின் வயதுக்காரர்கள். அந்த இளநிலைக்கும் மூன்று மாதத் தகுதிகாண் காலம் உண்டு. அது இந்த வெள்ளிக்கிழமை முடிகிறது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் நிரந்தரமாகலாம், அல்லது வீட்டில் இருக்கலாம். இஞ்சினியர் என்று ஊர் முழுக்கச் சொன்னது என் அம்மா. அவரிடம் போய்த் திருத்தம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

2

இந்த வேலைக்கு நான் கனவு கண்டு வரவில்லை. தோள்பட்டை போனதால் வந்தேன்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் இருபது வருடத்துக்குக் கிட்டக் கட்டில் விரித்தேன். ஒரு நாள் மெத்தையைத் தூக்கியபோது வலது தோளில் ஏதோ கழன்றது. அதற்குப் பிறகு அது பழையபடி பூட்டவே இல்லை. தலைக்கு மேலே கை தூக்க முடியாத பெண்ணுக்கு ஹோட்டலில் வேலை கிடையாது. என் கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் ஒரு வாரம்தான் வீட்டில் இருப்பார், அந்த ஒரு வாரமும் தூங்குவார். ஆகவே தொழில் மாற்றிக் கொடுக்கும் அரசாங்க அலுவலகத்துக்கு நான் தனியாகப் போனேன்.

அங்கே இருந்த பெண்ணுக்கு என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று சொன்னேன். ஆனால் படிவத்தில் தாய்மொழி தமிழ் என்று எழுதிவிட்டேனாம். அந்தக் குற்றத்துக்காக ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்து என் தலையில் கட்டினார்கள். அவர் எங்கிருந்து பேசினாரோ, பின்னால் நாய் குரைத்தது. அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டது எனக்கு விளங்கியது. அவர் அதைத் தமிழாக்கியதுதான் விளங்கவில்லை.

"தங்களிடம் உள்ள கைமாற்றக்கூடிய திறமைகள் யாவை?" என்றார்.

"கைமாத்து வாங்குற பழக்கம் எனக்கு இல்லங்க" என்றேன்.

நாய் கூட ஒரு கணம் நிறுத்தியது. பிறகு அவர் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் வெகு நேரம் ஏதோ விளக்கினார். அவள் என் பதிலாக என்னத்தை எழுதிக்கொண்டாளோ, கணினியில் ஒரு பரீட்சை வைத்து, மூன்று வழி இருக்கிறது என்றாள். கடையில் காசு வாங்கும் வேலை, முதியோரைத் தூக்கிக் குளிப்பாட்டும் வேலை, நிரல் எழுதும் வேலை. முதல் இரண்டுக்கும் தோள் வேண்டும்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். தர்ஷி பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறாள். நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், இடையில் எங்கேயோ பாதி விழுந்துவிடும். அவள் சிரித்துவிட்டு, "மெயிலில் ஃபைல் இணைக்கவே நான்தானே வரவேண்டும்?" என்றாள். மறுநாளே போய்க் கையெழுத்துப் போட்டேன். மாணவர்களுக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று எழுதச் சொன்னீர்களே சார், எனக்கு வந்தது இங்கிருந்துதான். சுத்தமான வீம்பு.

வகுப்பு எடுத்தவர் செருப்பில்லாமல் வருவார். கனடாவின் பனிக்காலத்தில் வெறுங்காலோடு நடக்க எவ்வளவு வசதி வேண்டும் என்று வரிசை வீடுகளில் வளர்ந்த எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். தோற்பதைக் கொண்டாடுங்கள் என்று தினமும் சொல்வார். தோற்றால் வாடகைக்கு என்ன வழி என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

பாஷை இன்னொரு கூத்து. ஒரு காரியத்தைச் செய்யும் நிரல் துண்டுக்கு அங்கே 'ஃபங்ஷன்' என்று பெயர். ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள், ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, ஃபங்ஷனுக்குத்தானே ஆட்களைக் கூப்பிடுவோம், ஃபங்ஷனையே எதற்குக் கூப்பிடுவது என்று ஒரு வாரம் குழம்பினேன். தாய் நிரலில் பிறக்கும் நிரலுக்குப் பிள்ளை என்று பெயர். வேலை முடிந்தால் பிள்ளையைக் கொல்லுங்கள் என்பார். எல்லோரும் சிரிக்காமல் எழுதிக்கொள்வார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று கணினிக்கு எழுதும் வரி. அதற்கு அவரவர் வாழ்க்கையில் இருந்து ஓர் உதாரணம் கேட்டார். மழை பெய்தால் குடை என்றான் ஒருவன். பசித்தால் பீட்சா என்றாள் ஒருத்தி. நான் எழுந்து, "கொழுந்து நிறை சரியாக இருந்தால் முழுப்பேர், இல்லாவிட்டால் அரைப்பேர்" என்றேன்.

வெளியூரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'பேர்' என்று சொல்வோம். வேலைக்குப் போனவரின் பேரை அன்றைக்குப் பதிவதால் வந்த சொல். பறித்த கொழுந்து அவர்கள் விதித்த நிறைக்கு வராவிட்டால், காலையில் இருந்து மலையில் நின்றாலும் பாதி நாள்தான் வேலை செய்ததாகப் போடுவார்கள். அது அரைப்பேர். வெறுங்கால் வாத்தியாருக்கு அது தேன்போல இனித்தது. எனக்கு அபூர்வமான துறை அறிவு இருக்கிறது என்று சொல்லி, தனக்குத் தெரிந்த ஒரு கம்பெனிக்கு என்னைச் சிபாரிசு செய்தார். துறை அறிவாம்.

3

கம்பெனி விற்பது பண்ணைகளுக்கான மென்பொருள். இங்கே தக்காளியையும் வெள்ளரியையும் ஊர் அளவு கண்ணாடிக் கூடாரங்களுக்குள் வளர்க்கிறார்கள். பறிப்பதற்கு மெக்சிகோவில் இருந்தும் ஜமைக்காவில் இருந்தும் ஆட்களைப் பருவத்துக்குக் கொண்டுவந்து, பருவம் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். யார் எத்தனை தட்டு பறித்தார்கள் என்று எண்ணுவது எங்கள் மென்பொருள்.

தினமும் காலையில் எங்கள் குழு முழுவதும் கணினித் திரையில் கூடவேண்டும். ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எழுந்து நின்றுதான் பேசவேண்டுமாம், உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். இது ஏதோ புதிய நிர்வாக முறை என்று எனக்கு ஒரு முழு நாள் வகுப்பு எடுத்தார்கள். நான் தலையாட்டினேன். விடியக்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்கு எங்கள் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். அதற்கு எங்கள் அம்மாவுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. முதல் நாள் என் பேரைக் கூப்பிட்டபோது பழக்க தோஷத்தில் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுவதற்குக் கை போனது. நான் கட்டியிருந்தது காற்சட்டை.

குழுத் தலைவன் கஜன். பெற்றோர் யாழ்ப்பாணம், பிறந்தது இங்கே. நல்ல பையன்தான். முதல் நாள் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, நீங்கள் இந்தியாவோ? உங்கட தமிழ் அப்பிடிக் கிடக்கு" என்றான்.

"இல்ல தம்பி, பதுளைப் பக்கம்."

"பதுளையில தமிழ் ஆக்கள் இருக்கினமோ?"

இருநூறு வருடமாக இருக்கிறோம் தம்பி, நீ குடிக்கிற தேத்தண்ணி தானாக மலையில் இருந்து இறங்கி வரவில்லை என்று சொல்ல வாய் வந்தது. தகுதிகாண் காலம். "கொஞ்சப் பேரு இருக்கோம்" என்று சிரித்துவைத்தேன்.

கஜனுக்கு மேலே ஒருவர் இருக்கிறார். தோட்டத்தில் துரைக்கு அடுத்த அதிகாரியைச் சொல்வதுபோல, மனதுக்குள் நான் அவரைச் சின்னத்துரை என்றுதான் சொல்வேன், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம். சைக்கிள் ஓட்டும் தொப்பியோடே கூட்டத்துக்கு வருவார். நான் எந்த ஊர் என்று கேட்டு, உடனே போனில் தேடி, எல்ல என்ற ஊர்ப் பக்கத்து வளைவுப் பாலத்தில் ரயில் போகும் படத்தைக் காட்டி, "சொர்க்கத்தை விட்டு ஏன் வந்தீர்கள்?" என்று கேட்டவர் அவர்தான். படத்தில் பாலத்துக்குப் பின்னால் தெரிந்த பச்சையைப் பறிப்பது யார் என்று அவர் கேட்கவில்லை.

இரண்டாவது மாதம் ஒரு கூட்டம். பண்ணைக்காரர்களுக்கு ஒரு குறையாம். வேகமாகப் பறிப்பவனும் மெதுவாகப் பறிப்பவனும் ஒரே கணக்கில் வருகிறார்களாம். இந்த நாட்டுச் சட்டம் சம்பளத்தில் கைவைக்க விடாது. வேறு என்ன செய்யலாம், யோசனை சொல்லுங்கள் என்றார் சின்னத்துரை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கம் கோபம் வந்தால் நக்கலாகப் பேசுவோம். கேவலமான ஒன்றைப் பார்த்து, 'ஆகா, என்னா அருமையான முறை' என்போம். கேட்கிற எவனுக்கும் அது செருப்படி என்று தெரியும். அந்த நக்கலை நான் அப்படியே ஆங்கிலத்தில் எடுத்துவிட்டேன். "எங்கள் ஊரில் மிக அருமையான முறை ஒன்று இருக்கிறது. நாள் முழுக்க வேலை வாங்கிவிட்டு, ஆள் பாதி நாள்தான் வந்ததாக எழுதிவிடுவார்கள். யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சின்னத்துரை தொப்பியைக் கழற்றினார். பேனாவை எடுத்தார். சம்பளத்தில் கைவைக்காமல், வருகைப் புள்ளியில் அரை போட்டால் என்ன என்றார். அரைப் புள்ளிகள் சேர்ந்தால் அடுத்த பருவத்துக்கு அந்த ஆளைக் கூப்பிடாமல் விடலாம், சட்டத்துக்கும் பங்கமில்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அதை எழுதும் வேலை, துறை அறிவு காரணமாக, எனக்கே வந்தது. நக்கலுக்கு ஆங்கிலத்தில் என்ன ஓசை என்று மொழிபெயர்ப்பாளர் வைத்த அந்த அரசாங்க அலுவலகத்தில்கூட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

4

எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். தம்பி கைக்குழந்தை. அம்மா மலைக்குப் போகும்போது அவனைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவார். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளை வைத்துப் பார்க்கும் அறை அது. ஒரு நாள் தம்பிக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்று மலைக்கு ஆள் வந்தது. அம்மா கூடையோடு இறங்கி ஓடி, அவனுக்குப் பால் கொடுத்து, ஈரத்துணி போட்டு, மறுபடியும் மலையேறினார். சாயந்தரம் நிறுவையில் கொழுந்து குறைந்தது. மழையில் நனைந்த இலை என்று அதிலும் கொஞ்சம் கழித்தார்கள். கணக்கப்பிள்ளை தலையைத் தூக்காமல் "அரைப்பேர்" என்றார்.

அம்மா அங்கேயே நின்று ஏசினார். கணக்கப்பிள்ளையின் பேரைச் சொல்லி, அவர் அப்பாவின் பேரைச் சொல்லி, அவர் வீட்டு அடுப்பில் தொடங்கி அவர் பாடை வரைக்கும் ஏசினார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். அரைப்பேர் முழுப்பேராக மாறவில்லை. ஆனால் அந்த ஆள் அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் லயத்துப் பக்கம் வராமல் மேல் ரோட்டால் சுற்றிப் போனார். எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. அம்மா ஏன் இப்படிக் கத்துகிறார் என்று கூடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அந்த நிறுவைக் கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளைதான் இன்றைக்குச் சூடேற்றிய அறையில் உட்கார்ந்து, 'தட்டு குறைந்தால் புள்ளி அரை' என்று எழுதுகிறது. இதற்குப் பேர் முன்னேற்றம் என்றால், மலரில் தாராளமாகப் போடுங்கள்.

5

மகளிடம் சொன்னேன். அவள் உடனே ராஜினாமா செய்யச் சொன்னாள். பண்ணைத் தொழிலாளருக்காக அவளும் சிநேகிதிகளும் போன மாதம் ஊர்வலம் போயிருக்கிறார்கள். பதாகை எழுதிய கையில் மை கூட இன்னும் போகவில்லை. "நீங்கள் அவர்களின் ஆள் ஆகிவிட்டீர்கள். அந்த உங்கள் ஊர்ச் சொல் என்ன... அம்மா, நீங்க கங்காரு ஆயிட்டீங்க" என்றாள். தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணி என்று சொல்ல வந்திருக்கிறாள். ஏசுவதற்காவது தமிழ் வந்ததே என்று சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை.

ராஜினாமா செய்யலாம். தோள் போன, ஐம்பது வயதான, மூன்று மாதம்கூட நிலைக்காத நிரலாளரை அடுத்து யார் எடுப்பார்கள் என்று அவளுடைய சமூகவியலில் இல்லை. இந்தக் கதவு மூடினால் எனக்கு வேறு கதவு இல்லை, அதுதான் உண்மை. நான் விட்டாலும் பக்கத்து நாற்காலிப் பையன் மத்தியானத்துக்குள் எழுதி முடித்துவிடுவான், அதுவும் உண்மை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசினேன். எண்பதை நெருங்குகிறார். இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார், தம்பியோடு. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் பதறுவார் என்று நினைத்தேன்.

"அப்ப நீ கணக்கப்புள்ள வேலயா பாக்குற?" என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை. "கதிரையில உக்காந்தா?"

"ஆமாம்மா."

"மழையில நனையாம?"

"உள்ளுக்குள்ளதான்."

"பெறகென்ன புள்ள. நம்ம குடும்பத்துல யாரு இருந்தா அப்புடி" என்றார். பிறகு, "அந்தப் பொம்பளைங்க ஒன்னைய ஏசுறாளுகளா?" என்று கேட்டார்.

"அவங்களுக்கு யாரு போடுறதுன்னே தெரியாதும்மா. மெசினுதான் போடும்."

"மெசின எப்புடிடி ஏசுறது?"

அவர் சும்மாதான் கேட்டார். எங்கள் ஆட்களிடம் இருந்த ஒரே நியாயம் அந்த ஏச்சுத்தான். அதையும் பிடுங்கிவிட்டுத்தான் இந்தத் திரை வந்து நிற்கிறது.

மறுநாள் எழுதி முடித்தேன். நாள் முடிவில் பறிப்பவர் தன் கணக்கைப் பார்க்கும் திரையில், அரை என்று விழுந்தால் அதற்குக் கீழே இன்னொரு வரியும் வரும்படி செய்தேன். 'இதைப் போட்டவர்' என்று என் பெயர், அதற்குப் பக்கத்தில் என் அலுவலகத் தொலைபேசி இலக்கம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கவேண்டும் என்று இங்கே சட்டம். கஜன் பார்த்தான். பார்த்தான் என்றால் திறந்தான். பின்னேரம் ஏதோ பிறந்தநாள் கொண்டாட்டம் இருந்தது. "நல்லாக் கிடக்கு அக்கா" என்று அனுமதித்துவிட்டுப் போய்விட்டான்.

அம்மாவிடம் சொன்னேன், இப்போ என் பேர் வரும் என்று. திரையைப் படம் பிடித்துத் தம்பியின் போனுக்கும் அனுப்பினேன். அடுத்த நிமிடம் அழைப்பு வந்தது.

"ஏண்டி கூறுகெட்டவளே! இதுல ஒங்க அப்பன் பேரு இல்ல போட்டிருக்காம்? தம்பி வாசிச்சுக் காட்டுறான், முனியாண்டின்னு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. கனடாவுக்கு வந்தபோது அந்தக் கட்டத்தை வெறுமையாக விடமுடியாது என்று அப்பாவின் பேரைப் போட்டார்கள். இருபத்தைந்து வருடமாக இந்த நாட்டில் எல்லோரும் என்னை என் அப்பாவின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கம்பெனிக் கணக்கில் இருப்பதும் அதுதான். நான் எழுதிய நிரலும் அதையே எடுத்துப் போட்டுவிட்டது.

"செத்துப்போன மனுசன ஏச வக்கிறியா? தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தியத் தவிர ஒண்ணு தெரியுமா அவருக்கு? ஏச்சு வாங்குறதுன்னா ஒம் பேருல வாங்கு!"

அன்றைக்கே மாற்றினேன். செல்வராணி. இந்த நாட்டில் என் பேர் பொது இடத்தில் தனியாக நின்றது அதுதான் முதல் தடவை.

6

போன வாரம் ஒரே ஒரு பண்ணையில் பரீட்சார்த்தமாக ஓடவிட்டார்கள். முதல் நாள் சாயந்தரமே என் தொலைபேசி அடித்தது.

"செல்-வா-ரா-னி?" என்றது ஒரு பெண் குரல், எழுத்துக்கூட்டி.

"ஆம், நான்தான்."

பிறகு ஸ்பானிய மொழியில் கொட்டத் தொடங்கினாள். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் எங்கே அப்பனுக்குப் போகிறது, எங்கே அடுப்புக்குப் போகிறது, எங்கே மூச்சு வாங்கிவிட்டு மறுபடி முதலில் இருந்து தொடங்குகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நான் குறுக்கே பேசவில்லை. அவள் முடிக்கும்வரை போனைக் காதில் வைத்திருந்தேன். கடைசியில் களைத்துப்போய், தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னாள். பேர் மார்த்தா. தட்டு ஏற்றும் தள்ளுவண்டியின் சில்லு உடைந்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஆள் வரும்வரை காத்திருந்திருக்கிறாள். நான் எழுதிய வரிக்குச் சில்லு தெரியாது, தட்டு மட்டும்தான் தெரியும். நான் கணக்கைத் திறந்து அவளுடைய அரையை ஒன்றாக்கினேன். முடிந்தது என்றேன். அவள் நன்றி சொல்லவில்லை. சொல்லாததுதான் முறை.

மறுநாள் போன் ஓயவில்லை. கூடாரம் முழுவதும் செய்தி போயிருக்கிறது. ஜமைக்காக்காரர் ஒருவர் பாட்டுப் பாடுவதுபோல ஏசினார், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர்க் குழாய் வெடித்தது, ஏணி கிடைக்கவில்லை, மேற்பார்வையாளன் வேறு வேலைக்கு அனுப்பினான் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேட்டுவிட்டு மாற்றினேன். பொய்க் காரணம் சொன்ன ஒருவனுக்கும் மாற்றினேன்.

நேற்று மத்தியானம் கஜன் வந்தான். முகம் கறுத்திருந்தது.

"அக்கா, என்ன செய்து வச்சிருக்கிறியள்? பண்ணைக்காரர் கத்துறார். வெள்ளிக்கிழமை உங்கட முடிவு சொல்லவேணும். அந்தப் பேரை எடுத்துப்போட்டு 'சிஸ்டம்' எண்டு போடுங்கோ. நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதிக் குடுக்கிறன்."

"சிஸ்டம்னா யாரு தம்பி?"

"அது... ஒருத்தரும் இல்லை அக்கா. அதுதானே வசதி."

"என் பேரு வேணாம்னா எடுத்துடுறேன். ஓம் பேரைப் போடவா?"

அவன் பதறிப்போனான். "ஐயோ, என்ர பேர் வேண்டாம்!"

"சின்னத்துரை பேரு?"

"ஆரின்ர பேர்?" என்றான். நான் யாரைச் சொல்கிறேன் என்று விளங்கியதும் சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. உடனே அடக்கிக்கொண்டான். "அவர் ஒருநாளும் விடமாட்டார். அக்கா, விளையாடாதேங்கோ. உங்களுக்கு இந்த வேலை வேணும்."

வேண்டும்தான். நேற்று முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆறு எழுத்தை அடிக்க எனக்கு இப்போது நொடிப்பொழுது போதும். அவ்வளவு படித்துவிட்டேன். தர்ஷி இரவுச் சாப்பாட்டில், "என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். தெரியாது என்றேன்.

இன்றைக்குக் காலையில் பெரட்டுக் கூடியது. வழக்கத்துக்கு மாறாகச் சின்னத்துரையும் திரையில் இருந்தார், தொப்பி இல்லாமல். எங்கள் பெரட்டில் ஒவ்வொருவரும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்றைக்கு என்ன செய்யப்போகிறாய், வேலைக்கு ஏதாவது தடை இருக்கிறதா. பையன்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கஜன் என் முகத்தைப் பார்க்காமல் "முனியாண்டி" என்று கூப்பிட்டான். எழுந்து நின்றேன். இந்த முறை நக்கல் ஒன்றும் கலக்காமல், ஒவ்வொரு சொல்லாக, நேரான ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நேற்று ஏச்சு வாங்கினேன். இன்றைக்கும் வாங்குவேன். தடை ஒன்றும் இல்லை."